இடது மேலறை

— நேராப் படுக்க முடியலம்மா. படுத்தா நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்தாப்ல இருக்குது.

— யாரும் ஏறலக்கா. நான் இங்க நிக்கறேன், டாக்டரம்மா அங்க உக்காந்திருக்காங்க. பேசாம படு.

— ஏண்டி தனம், வந்த எடத்துலயும் உன் வாய் சும்மா இருக்காதா?

— ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. ஆராயி அம்மா, தலமாட்ட தூக்கி வைக்கிறேன். இடது பக்கம் ஒருக்களிச்சிப் படுங்க. கைய தலைக்கு அடியில வச்சிக்குங்க. இப்போ பரவால்லயா?

— இப்ப தேவல.

— தூக்கி வைக்காதீங்க டாக்டரம்மா. இங்க ஒரு வாட்டி தூக்கிக் குடுத்தீங்கன்னா வீட்லயும் அதே கேப்பா.

— நீங்க இவங்களுக்கு யாரு?

— தங்கச்சி.

— கூடப் பொறந்த தங்கச்சியா?

— கூடப் பொறந்தவளும் நான் தான், சக்களத்தியும் நான் தான். இவ வயித்துல ஒண்ணும் தங்கலன்னு என்னக் கொண்டாந்து இவ புருஷனுக்கே கட்டி வச்சாங்க. அவரு போயி சேந்துட்டாரு. இப்ப வீட்ல நானும் இவளுந்தான் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கினு கெடக்கறோம்.

— எந்த ஊரு?

— அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலயே இட்லிக் கடை. பவுர்ணமின்னா விடிய விடிய அடுப்பு எரியும். நீங்க மலை சுத்தினா எங்க கடையத் தாண்டித்தான் போயிருக்கணும்.

— போயிருப்பேன். சரி, ஜெல் போடறேன், சில்லுனு இருக்கும் ஆராயி அம்மா. இதுக்கு முன்னாடி இதயத்துக்கு ஸ்கேன், எக்கோ எடுத்திருக்கீங்களா?

— எடுத்தாங்கம்மா. கல்யாண மண்டபத்துல கேம்ப்பு போட்டாங்கோ, அப்போ...

— நான் சொல்றேன் இரு அக்கா, உனக்குத்தான் மூச்சு வாங்குமே. ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டரம்மா. இலவச கேம்ப்பு. இதே மாதிரி ஜெல்லத் தடவி, இதே மாதிரி டிவியில பாத்தாரு அந்த டாக்டரு. இதயம் நல்லா பம்ப் பண்ணுதும்மா, நார்மல், பயப்படாதீங்க, தெனம் நல்லா நடங்கன்னாரு. என் காதால கேட்டேன். இவளும் கேட்டா. கேட்டுட்டு வந்து மறுநாளே மாவுக் குண்டான தூக்க முடியலன்னு சுவரோரமா உக்காந்துக்கினா.

— முடியலம்மா. நெசமா முடியல.

— பாத்தீங்களா? இந்தக் குரல் தான். வீட்ல வேற குரல். கடையில சட்னி தீஞ்சி போச்சின்னா தெருமுன வரைக்கும் கேக்கும்.

— தனம், நான் அவங்ககிட்ட கேக்கறேன். ஆராயி அம்மா, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா, சமதரையில நடந்தாலேவா?

— மொதல்ல படி ஏறினா தாம்மா. இப்போ...

— இப்போ கடையிலேர்ந்து குழாயடி வரைக்கும் போறதுக்குள்ள நிப்பா. கரண்ட்டு கம்பத்தப் பிடிச்சிக்குவா. குனிஞ்சா ஜாஸ்தியாவும். எல கீழ வுழுந்தா கூட எடுக்க மாட்டா, யாராச்சும் வந்து எடுக்கணும்.

— ராத்திரி எப்படி?

— ஒரு தூக்கம் தூங்குவா. அப்புறம் வெடுக்குனு எழுந்து உக்காருவா. எழுந்து ஜன்னலத் தொறப்பா. அதுக்கப்புறம் படுக்கறது கெடையாது, சுவத்துல சாஞ்சிக்கினு தான் தூங்குவா, தலை தொங்கும். படுத்தா ஒரு இருமல் வரும், வறட்டு இருமலு, உக்காந்தா நின்னுடும். சாயங்காலமானா காலு வீங்கும், செருப்பு நுழையாது. கட்டவெரல வச்சி அமுக்கினா குழி விழும். குழி நெரம்பி மேல வர நேரமாவும். காலைல பாத்தா வத்திப் போயிருக்கும்.

— நல்லா கவனிச்சிருக்கீங்க.

— தெனம் நாடகம் பாக்கறவளுக்கு கவனிக்கறதத் தவிர இன்னா வேல டாக்டரம்மா.

— பிபி, சுகர் இருக்கா?

— ரெண்டும் இருக்குதும்மா. மாத்திரை துண்றேன்.

— ஒழுங்கா எடுக்கறீங்களா?

— இவ வாங்கியாந்தா துண்றது. தீந்து போனா இல்ல.

— கடைய வுட்டுட்டு எப்போ போயி வாங்கறது? இவ நடந்து போயி வாங்கலாம். டாக்டரே நடக்கச் சொல்லியிருக்காரு.

— சரி, பேச்ச நிறுத்துங்க ரெண்டு பேரும். மூச்ச இழுத்து விடுங்க ஆராயி அம்மா. விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க. நிறுத்துங்க. ம், போதும், மூச்சு எடுத்துக்குங்க. இன்னொரு வாட்டி.

— எத்தினி வாட்டிம்மா?

— படம் நல்லா விழற வரைக்கும். நீங்க ஆடினா படமும் ஆடும். ம். பம்ப் பண்றது நல்லாத்தான் இருக்கு. அறுவது பர்சன்ட்டுக்கு மேல வருது. வால்வு லேசா லீக், அது இந்த வயசுல வர்றது தான்.

— அப்போ நார்மல்.

— பம்ப் நார்மல்.

— கேட்டியாக்கா? பெரிய டாக்டரு, புது மிசினு, அதுவும் அதே தான் சொல்லுது. ஒரு கேம்ப்பு டாக்டரு பொய் சொல்லுவாரு, மிசினுமா பொய் சொல்லும்?

— இன்னொரு வாட்டி பாரும்மா. நல்லா அமுக்கிப் பாரு, வலிச்சாலும் பரவால்ல. எதாச்சும் இருக்கும்.

— எதாச்சும் இருக்கணும்னு வேண்டிக்கினு வந்திருக்கா டாக்டரம்மா. கேன்சர் இருக்குதுன்னு சொல்லுங்களேன், போற வழியில சாமிக்கு தேங்கா ஒடைப்பா.

— நான் இன்னும் முடிக்கவே இல்ல. அதுக்குள்ள நீங்க எதுக்குத் தீர்ப்பு சொல்றீங்க? ரெண்டு பேரும் கேளுங்க. இதயத்துல நாலு அறை இருக்கு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. உடம்பு முழுக்க ரத்தத்த தள்றது இந்தக் கீழ் இடது அறை. எல்லாரும் அதத்தான் மொதல்ல பாப்பாங்க. கேம்ப்ல பாத்ததும் அத மட்டுந்தான். அவர் சொன்னது பொய் இல்ல. ஆனா நொரையீரல்லேர்ந்து வர்ற ரத்தம் நேரா கீழ போறதில்ல. மேல இருக்கற இந்த அறைக்குத்தான் மொதல்ல வரும். இடது மேலறை. இங்க பாருங்க.

— கறுப்பா தெரியுதே, அதா?

— அதுதான். ரத்தம் கறுப்பா தெரியும், சுத்தி வெள்ளையா இருக்கறது சுவரு. அந்தச் சுவரு விரிஞ்சி குடுத்து ரத்தத்த வாங்கணும். வால்வுக் கதவு தொறந்ததும் கீழ எறக்கி விடணும். கடைசியில ஒரு தள்ளு தள்ளி மிச்சத்தையும் அனுப்பணும். அந்தச் சுவரு எவ்ளோ விரியுதுன்னு அளக்கப் போறேன். அதுக்குத்தான் இந்த ஸ்டிக்கரு, ஒயரு எல்லாம். ஒட்டறேன், அசையாதீங்க.

— அதுவும் நார்மல்னு வந்தா?

— வந்தா நார்மல்னு சொல்வேன் தனம். உங்களுக்காகவும் சொல்ல மாட்டேன், இவங்களுக்காகவும் சொல்ல மாட்டேன். மூச்ச விட்டு நிறுத்துங்க ஆராயி அம்மா.

— முடியலம்மா.

— கொஞ்சம் தான். பிடிங்க.

— பிடிக்கறதுல இன்னாக்கா கஷ்டம்? என்னத் திட்டறப்போ மூச்சே வுடாம திட்டுவியே.

— நீங்க வெளிய போறீங்களா?

— போவல. நான் இங்கயே நிக்கறேன். கேட்டுட்டுத்தான் போவேன்.

— அப்போ வாய மூடிக்கிட்டு நில்லுங்க. ஆராயி அம்மா, ரெண்டு நிமிஷம் ஓய்வெடுத்துக்குங்க. ரெண்டு வருஷமா இப்படி இருக்குன்றீங்க, இப்ப தான் வர்றீங்க. ஏன்?

— போன பவுர்ணமிக்குக் கடையில வுழுந்துட்டேம்மா.

— வுழல. சாஞ்சா. பக்கத்துலயே இட்லிப் பான கொதிக்குது, அது மேல சாயல. அரிசி மூட்ட பக்கமா பாத்து சாஞ்சா.

— ஆந்திராக்காரங்க நாலு பேரு சாப்ட்டுக்கினு இருந்தாங்கோ. அவங்க தான் மூஞ்சியே நீலமாப் போச்சின்னு தெலுங்குல கத்தி, எலைய அப்படியே போட்டுட்டு, என்ன ஆட்டோவுல ஏத்தினது. இவ அடுப்பாண்ட நின்னுக்கினு ஏத்தாதீங்க, அது தானா எழுந்திரிக்கும்னு சொல்லிக்கினு இருந்தா. அவங்களுக்கு இவ பேசினது புரியல. புரிஞ்சிருந்தா நான் இன்னிக்கு இல்ல.

— ஊரே பாத்துட்டுது டாக்டரம்மா. சுண்டல் விக்கற மணியம்மாள் பேரன் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டான். அது இளஞ்செழியனுக்குப் போயிட்டுது. அவன் போன் பண்ணி, அருணாதேவி டாக்டர் புது மிசினு வாங்கியிருக்காங்க, கூட்டினு போன்னான். இல்லன்னா உங்க வாசப்படிய மிதிச்சிருக்க மாட்டோம்.

— இளஞ்செழியன் யாரு?

— என் புள்ளம்மா.

— என் புள்ள.

— ரெண்டு பேரும் சொன்னா நான் எப்படி எடுத்துக்கறது?

— பெத்தது நானு. அம்மான்னு கூப்புடறது இவள. என்ன சித்தின்னு கூப்புடுவான். பேச்சு வர்ற வயசுல பக்கத்துல உக்காத்தி வச்சி இவ சொல்லிக் குடுத்தது. மூத்தவளத்தான் அம்மான்னு கூப்புடணும், அது தான் வீட்டு வழக்கம்ன்னா. எங்க ஊர்ல வேற எந்த வீட்லயும் அப்படி ஒரு வழக்கத்த நான் பாத்ததில்ல. பால் குடிச்சிக்கினே என்ன சித்தின்னுச்சி டாக்டரம்மா அந்தக் கொழந்த.

— அவனத் தூக்கி வளத்தது யாருடி? இவ கடைக்குப் போயிடுவா, நான் தாம்மா இடுப்புல வச்சிக்கினு...

— என்னக் கடைக்கு அனுப்பினது யாரு?

— சண்ட வேணாம். படம் எடுக்கணும். திரும்பிப் படுங்க.

— படுத்துக்கினேன். டாக்டரம்மா, ஒண்ணு சொல்லிடறேன். அவன் ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனியில இருக்கான். தெனம் ராத்திரி போன் பண்ணுவான், துன்னியாம்மான்னு கேப்பான். இவ சொல்லிட்டா. உங்கம்மாவுக்கு ஒண்ணுமில்ல, நடிக்கறா, டாக்டரே சொல்லிட்டாருன்னு. அந்த கேம்ப்பு பேப்பர போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிட்டா. அதுலேர்ந்து நான் மூச்சு வாங்கிப் பேசினா, ஆரம்பிச்சிட்டியாம்மான்னு வச்சிடறான். மூச்சு வாங்காம எனக்குப் பேச வரலம்மா. அதனால நான் பேசறதே இல்ல. எனக்கு மருந்து கூட வேணாம். நீங்க அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும். உங்கம்மா நடிக்கலப்பான்னு. அதுக்குத்தான் நான் இங்க வந்து படுத்திருக்கறேன்.

— நோய் இருந்தா சொல்றேன். இல்லாதத சொல்ல மாட்டேன். தூங்கறப்போ எத்தன தலகாணி வைப்பீங்க?

— மூணு வச்சிருந்தேன். இவ ரெண்ட எடுத்துக்கினா.

— நார்மலா இருக்கறவங்களுக்கு எதுக்கு மூணு? எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு.

— சாயங்காலம் ஆனா நடக்க வுடுவாம்மா. கிரிவலப் பாதையிலயே வருண லிங்கத்தத் தாண்டி குபேர லிங்கம் வரைக்கும். வெறுங்கால்ல. நான் நின்னா இவளும் நிப்பா. உக்காந்தா பக்கத்துல நின்னு என்னையே பாத்துக்கினு இருப்பா. போறவங்க வர்றவங்ககிட்ட சிரிச்சிக்கினே சொல்லுவா, எங்கக்கா இதயத்துக்கு ஒண்ணுமில்ல, கொழுப்பு தான்னு.

— தனம், ஏம்மா இவங்க மேல இவ்ளோ கோவம்?

— கோவமா? எனக்கு இன்னா கோவம். நான் இவகிட்ட கத்துக்கினது தான் டாக்டரம்மா. நடிக்கறான்ற வார்த்தைய எங்க வீட்ல மொத மொத சொன்னது நான் இல்ல.

— ஏய். அதெல்லாம் இங்க எதுக்குடி.

— இங்க தான் சொல்லணும். இங்க தான் கதவு சாத்தியிருக்குது. இளஞ்செழியனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு இருந்தது டாக்டரம்மா, பொண்ணு. நெற மாசம். தீபத்தன்னிக்குக் காலைலேர்ந்து இடுப்பு வலிக்குதுன்னு சொன்னேன். லட்சக்கணக்குல சனம் மலையச் சுத்துது, கடையில நிக்க ஆளில்ல. இவ அவருகிட்ட சொன்னா, வேலைக்குப் பயந்துக்கினு நடிக்கறா, நிக்க வைங்கன்னு. அவரு எலக் கட்ட என் கைல குடுத்தாரு. நான் நின்னேன். எல போட்டேன், சாம்பார் ஊத்தினேன். மலை மேல தீபம் ஏத்தறாங்க, ஊரே கை எடுத்து அரோகரான்னு கத்துது. நானும் கத்தினேன். யாருக்கும் வித்தியாசம் தெரியல. அடுப்புக்குப் பின்னாடி, வெறவு அடுக்கி வச்சிருந்த எடத்துல தான் பொறந்தது. அது கத்தவே இல்ல.

— எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது. நான் பெத்திருந்தாத்தானே அந்த வலி எப்படி இருக்கும்னு தெரியும்? இவ சின்னதுலேர்ந்தே வேலைன்னா வயித்தப் பிடிச்சிக்குவா. நடிக்கறான்னு தான் நெனச்சேன்.

— அதத்தான் நானும் சொல்றேன். தெரியாதுன்றா.

— ஆராயி அம்மா, அழாதீங்க.

— அழலம்மா, தானா வருது.

— தானா வந்தாலும் நிறுத்துங்க. நெஞ்சு குலுங்கினா அளவு தப்பா வரும், திரும்ப மொதல்லேர்ந்து எடுக்கணும். உங்க கதையெல்லாம் வீட்ல வச்சிக்குங்க. வெளிய எத்தன பேர் உக்காந்திருக்காங்க பாத்தீங்கல்ல? மூச்ச விட்டு நிறுத்துங்க. நிறுத்துங்க. அசையாதீங்க. ம். இந்த வாட்டி விழுந்துடுச்சி. எடுத்துக்குங்க மூச்ச.

— இன்னா வந்துதும்மா?

— இருங்க, சுவரச் சுத்திக் கோடு போடணும். மிசின் கணக்குப் போடும்.

— எவ்ளோ நேரம் போடும்?

— பொறுங்கம்மா. ம்.

— இன்னா டாக்டரம்மா ம்முன்றீங்க? நார்மல் தானே?

— தனம், இப்படி வாங்க. நீங்களும் பாருங்க ஆராயி அம்மா, தலையத் திருப்பினா தெரியும். ஒவ்வொரு துடிப்புக்கும் இந்தக் கோடு மேல ஏறி எறங்கணும். நல்லா இருக்கறவங்களுக்கு மேலறை முப்பத்தஞ்சு, நாப்பது பர்சன்ட் விரியும். இவங்களுக்கு பதினொண்ணு.

— பதினொண்ணுன்னா?

— விரியறதே இல்லன்னு வச்சிக்குங்க. அறை பெருசாயிடுச்சி, சுவரு வெறச்சிப் போச்சி. கடைசியில தள்ளணும்னு சொன்னேனே, அந்தத் தள்ளும் பேருக்குத்தான் இருக்கு. பல வருஷத்து பிபி. கீழ் அறை நல்லா தள்ளுது, ஆனா தளந்து குடுத்து வாங்க மாட்டேங்குது. அதுக்கு ரத்தத்தத் திணிச்சித் திணிச்சி மேலறை ஓய்ஞ்சி போச்சி. அப்போ ரத்தம் எங்க தேங்கும்? நொரையீரல்ல. அதான் படுத்தா முட்டுது, நடந்தா முட்டுது. நடிப்பெல்லாம் இல்ல. இது ஹார்ட் ஃபெயிலியர்.

— பம்ப் நார்மல்னு இப்ப தான் சொன்னீங்க.

— பம்ப் நார்மலா இருக்கும்போதே வர்ற ஹார்ட் ஃபெயிலியர் இது. நெறைய பேருக்கு, அதுவும் பொம்பளைங்களுக்கு, இப்படித்தான் வருது. கீழ மட்டும் பாத்துட்டு அனுப்பினா தெரியாது.

— கேட்டியாடி. கேட்டியாடி தனம். ஹார்ட் ஃபெயிலியராம். எனக்கு ஹார்ட் ஃபெயிலியராம்டி.

— சந்தோஷப்படற விஷயம் இல்ல ஆராயி அம்மா.

— உங்களுக்குத் தெரியாதும்மா. ரெண்டு வருஷமா பொய்க்காரின்ற பேரோட இருந்துட்டேன். தெருவுல சின்னப் பசங்க கூட நான் போறப்போ நெஞ்சப் பிடிச்சிக்கினு வுழற மாதிரி பண்ணிக் காட்டும். இனிமே காட்டட்டும்.

— தனம், உங்களுக்குத்தான் சொல்றேன். நொரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டு இருக்கற ஆளுக்குத் தலகாணிய உருவிட்டா அது தண்ணிக்குள்ள தலைய அமுக்கறதுக்கு சமானம். வெறுங்கால்ல குபேர லிங்கம் வரைக்கும் இழுத்துக்கிட்டு போனீங்களே, வழியிலயே உயிர் போயிருந்தா? காதுல விழுதா?

— விழுது.

— இனிமே நான் சொல்ற மாதிரி பாத்துக்குவீங்களா?

— கேக்காம இன்னா. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்.

— எனக்கு சரியாயிடும்ல டாக்டரம்மா?

— நீர் பிரியறதுக்கு மாத்திரை தர்றேன். சுகருக்கு ஒண்ணு மாத்தித் தர்றேன், அது இதயத்துக்கும் நல்லது பண்ணும். பிபி மாத்திரை ஒரு நாள் கூட விடக் கூடாது. உப்பு கம்மி. ஊறுகா, அப்பளம், கருவாடு வேணாம். தலகாணி எத்தன வேணுமோ வச்சிக்குங்க. கால் வீக்கம் வத்தும், ராத்திரி தூக்கம் வரும். ஆனா அந்த மேலறை பழையபடி ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்.

— ஆவாதா?

— ரெண்டு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சி மாத்திரை ஒழுங்கா குடுத்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது. இப்ப இருக்கறதக் காப்பாத்தலாம். அவ்ளோ தான்.

— போவுது. எனக்கு வயசாயிடுச்சி. போட்டும். டாக்டரம்மா, அவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்கம்மா. நீங்க சொன்னாத்தான் நம்புவான்.

— நம்பர் சொல்லுங்க.

— இவகிட்ட இருக்குது. போடுடி, போட்டு டாக்டரம்மாகிட்ட குடு.

— போடறேன்.

— இரு. இருடி, அதுக்குள்ள அழுத்தாத. டாக்டரம்மா, நீங்க சொல்றப்போ பாத்து சொல்லுங்க. அவனுக்கு மூக்கு மேல கோவம் வரும். தலகாணி, நடக்க வுட்டது, அதெல்லாம் தெரிஞ்சா இவள வீட்ட வுட்டே தொரத்திடுவான். சித்தி தெரியாமப் பண்ணிட்டாப்பான்னு அதையும் சேத்து சொல்லிடுங்க.

— உங்களுக்கு இவங்க மேல வருத்தம் இல்லயா?

— இல்லாம இருக்குமா? இருந்தாலும் இவ இன்னா பண்ணுவா பாவம். அந்த டாக்டருக்கே தெரியல, படிக்காதவ, இவளுக்கு எங்கேர்ந்து தெரியும். அன்னிக்கு எனக்குத் தெரியாமப் போச்சி, இன்னிக்கு இவளுக்குத் தெரியாமப் போச்சி. சரிக்குச் சரி. இதோட வுட்டுடலாம்டி. வா, கை குடு, எழுந்திரிக்கறேன்.

— சரிக்குச் சரி இல்லக்கா.

— இன்னாடி சொல்ற?

— நீ கட்டிக்கினு போன பிறகு நம்ம அம்மாவ யாரு பாத்துக்கினது? நானு. அவளும் படுக்க மாட்டா. படுத்தா இருமுவா. சுவத்துல சாஞ்சிக்கினே விடிய விடிய உக்காந்திருப்பா, கால அமுக்கினா குழி விழும். நடக்கறப்போ கம்பத்தப் பிடிச்சிக்கினு நிப்பா. கடைசியில உக்காந்த மேனிக்கே போயிட்டா. நீ சாவுக்குத்தான் வந்த. எப்படிச் செத்தான்னு கூட நீ கேக்கல.

— அதுக்கு இப்ப இன்னா?

— நீ மொத மொத எழுந்து உக்காந்த ராத்திரி நான் தூங்கலக்கா, முழிச்சிக்கினு தான் இருந்தேன். அன்னிக்குத் தீபத்துல உனக்குத் தெரியாதுன்னு சொன்னியே, அத நான் நம்பறேன். ஆனா நீ நடிக்கறேன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல.